நூல் போன வழியைப் பார், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த லேஸ் துண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தமாக ஆரி யூனிட் போட்டிருக்கிறாய், முகூர்த்த மாதங்களில் தூங்க நேரமில்லாத அளவுக்குக் கல்யாண ஜாக்கெட் வேலை வருகிறது என்று படித்ததில் சந்தோஷம். அதோடு ஒரு கவலையும் எழுதியிருந்தாய். ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து லேஸ் வைத்த துணிகளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், "இது கை வேலைதானே?" என்று கேட்கிறார்கள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்கிறாய். ஊசி பிடிக்கும் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படியாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுவிடு. கை வேலையென்றால் அங்கங்கே கோணல் இருக்கும், மெஷின் என்றால் அச்சு வார்த்த மாதிரி இருக்கும் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். அதை நம்பி லேஸ் பார்க்கப் போனால் ஏமாந்துதான் வருவாய். தேர்ந்த கை லேஸ்காரி, அட்டையில் முன்பே குத்தி வைத்த புள்ளிகளில் குண்டூசி நட்டு, அதைச் சுற்றித்தான் நூலைத் திருப்புகிறாள். அவள் கண்ணிகள் ஒன்றுபோலவே விழும். மெஷினும் பிழை செய்யாத தெய்வம் இல்லை. இதைச் சொல்ல நம் கோவையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி இங்கேதான் நூற்பு மெஷின்களைச் செய்து மில்களுக்கு அனுப்பி வருகிறது. உன் தெருவிலேயே ஒரு ஃபிட்டர் இருப்பார், கேட்டுப் பார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒரு ரோலர் லேசாகக் கோணினால் நூலில் தடிமனும் மெலிவும் ஒரே இடைவெளியில் மாறி மாறி வரும். அந்த இடைவெளியின் நீளத்தை வைத்தே எந்த ரோலர் கெட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

லேஸிலும் அதே கதைதான். மெஷின் பிழை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும். ஒரு பூவில் ஐந்தாவது இதழ் ஓட்டையாக இருந்தால், அடுத்த பூவிலும் ஐந்தாவது இதழ்தான் ஓட்டையாக இருக்கும். கையின் பிழை ஓரிடத்தில் வரும், அடுத்த இடத்தில் வராது. ஆகவே பிழை இருக்கிறதா என்று கேட்காதே. பிழை எப்படி வருகிறது என்று பார். அதுவும் துணைச் சாட்சிதான். முதல் சாட்சி நூல் போன வழி. எந்த மெஷினும் நூலைத் தனக்குத் தெரிந்த இரண்டொரு வழிகளில்தான் நடத்தும். அந்த வழிகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மில்லில் துணியின் இழை எண்ண வைத்திருக்கிற மடக்கு லென்ஸ் இருக்கிறதே, பிக் கிளாஸ், அதில் ஒன்று வாங்கிக்கொள். ஒரு கறுப்பு அட்டை, ஒரு மெல்லிய ஊசி. லேஸை அட்டையில் விரித்து, முதலில் பின்பக்கத்தைப் பார். முன்பக்கம் விற்பதற்காகச் செய்தது, உண்மை பெரும்பாலும் பின்னால்தான் கிடக்கும்.

உனக்கு ஏற்கெனவே தெரிந்த மூன்று விஷயங்களை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம் என்று நினைக்கிறேன்: காஜா, பாவு-ஊடை, சங்கிலித் தையல்.

காஜாவிலிருந்து தொடங்குவோம். வீட்டில் கையால் காஜா எடுத்த பழைய சட்டை ஒன்றையும், கடையில் வாங்கிய சட்டை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வை. கைக் காஜாவில் ஒரே நூல்தான். ஒவ்வொரு தையலும் வெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சாக உட்கார்ந்து, வரிசையாக மணி கோத்ததுபோலத் தெரியும். கடைச் சட்டையின் மெஷின் காஜாவில் பெரும்பாலும் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று. இரண்டும் துணிக்கு நடுவில் பூட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும். ஓரத்தில் முடிச்சு இருக்காது. லென்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

ஊசி லேஸ் என்று ஒரு வகை உண்டு. வெனிஸிலும் பிரான்ஸின் அலன்சோனிலும் பேர்போனது. அடியில் துணி இல்லாமல், காற்றில் எடுத்த காஜாதான் அது. முதல் வரிசைக் கண்ணியில் இரண்டாவது வரிசை, அதில் மூன்றாவது என்று, ஒற்றை ஊசியும் ஒற்றை நூலுமாக ஏறிக்கொண்டே போகும். இந்த முடிச்சை லேஸ் மெஷின்கள் போட்டதில்லை. தோற்றத்தை மட்டும் நகல் எடுத்தன. அந்த நகல்தான் இன்று ஒப்பணக்காரத் தெருவிலும் பெரிய கடை வீதியிலும் ஜிபிஓ லேஸ் என்ற பெயரில் சுருள் சுருளாகத் தொங்குகிறது. குய்ப்யூர் என்ற பிரெஞ்சுப் பெயர் நம் வியாபாரிகள் வாயில் தபால் ஆபீஸாகிவிட்டது.

அதில் ஒரு சாண் வாங்கி லென்ஸுக்கு அடியில் வை. பூ முழுக்க மெஷின் எம்பிராய்டரி. சுவிட்சர்லாந்தின் ஈசாக் க்ரோப்லி 1863இல் உருவாக்கிய ஷிஃப்லி மெஷினின் வழிவந்தது. நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் ஒரு துணியில் தைக்கும். தைத்த பிறகு அந்த அடித்துணியைக் கரைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் ரசாயனத்தில் கரைத்தார்கள், இப்போது வெந்நீரிலேயே கரையும் துணி வந்துவிட்டது. நூல் மட்டும் லேஸாக மிஞ்சும். ஆகவே லென்ஸில் உனக்குத் தெரிவது முன்னும் பின்னும் பூட்டிய இரண்டு நூல், குறுக்குமறுக்கான அடைப்பு, ஓரத்தில் பிசிறு. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் உள்ள பாலத்தில் ஒரு முடிச்சுகூட இருக்காது, நூல்மேல் நூல் சுற்றிக் கிடக்கும். சரியாக அலசாத லேஸாக இருந்தால் விரலை நனைத்துத் தடவிப் பார். கரையாமல் நின்ற அடித்துணி பசைபோல வழுவழுக்கும். ஊசி லேஸா, ஜிபிஓவா என்ற சந்தேகம் இனி உனக்கு வராது.

அடுத்தது பாவும் ஊடையும். கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் பாவு நேராக நிற்கும், ஊடை குறுக்கே போய் வரும். பாபின் லேஸ் என்பது தறியில்லாத நெசவு. திண்டுமேல் அட்டையைப் பொருத்தி, சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு, மாற்றுவது, முறுக்குவது என்ற இரண்டே அசைவில் எல்லாவற்றையும் செய்வார்கள். அடர்த்தியாக இருக்கும் இதழ்ப் பகுதியை லென்ஸில் பார்த்தால் சாதாரண நெசவுத் துணிபோலவே மேலும் கீழுமாக இழை போயிருக்கும். ஆனால் தறியில் நடக்காத ஒன்று அங்கே நடக்கும்: பாவே வளையும். இதழ் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பாவிழைகளும் திரும்பும், ஏனென்றால் திண்டைத் திருப்புகிற கை அங்கே இருக்கிறது.

மெஷினில் இது நடக்காது. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1809இல் அறுகோணக் கண்ணி விழும் வலைக்கு மெஷின் காப்புரிமை வாங்கினார். 1816இல் லஃபரோவில் இருந்த அவருடைய தொழிற்சாலைக்குள், மெஷின்களை எதிர்த்த லட்டைட்டுகள் புகுந்து 55 மெஷின்களை உடைத்ததும், அவர் டெவன் பக்கம் டிவர்ட்டனுக்குத் தொழிலையே மாற்றிக்கொண்டார். அவருடைய வலை மெஷினுக்கு அடுத்து நாட்டிங்ஹாமில் ஜான் லீவர்ஸ் 1813வாக்கில் அமைத்த மெஷினில், பிற்பாடு ஜக்கார்டு அட்டையும் சேர்ந்தது. வலையோடு பூவும் ஒன்றாகவே விழத் தொடங்கியது. பழைய மெஷின் லேஸ்களில் நேர்த்தியானவை பல இந்த லீவர்ஸ் வகைதான். அதில் எல்லா நூலும் லேஸின் நீளவாக்கில்தான் ஓடும். பூ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழையின் திசை மாறாது. அடர்த்தியான பகுதியில் நெசவு தெரியாது. நீளவாக்கில் மெல்லிய வரிவரியாக, ரிப் துணி மாதிரி தெரியும். ஆக, இதழோடு இழையும் திரும்பியிருந்தால் கை வேலைக்குப் பலமான சாட்சி. இதழ் மட்டும் திரும்பி இழை திரும்பாவிட்டால் மெஷின்.

லீவர்ஸில் இன்னொரு சாட்சியும் உண்டு. பூவின் ஓரத்துக்குக் கனமான நூல் ஒன்று போகும். ஒரு பூவை முடித்து அடுத்த பூவுக்குத் தாவும்போது நடுவில் தொங்கும் நூலைப் பின்னால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய நுனி பூனை மீசை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அந்த வெட்டு வேலையையும், அகலமாக வந்த லேஸில் இழுப்பு நூலை உருவித் தனித்தனிப் பட்டையாகப் பிரிக்கும் வேலையையும் நாட்டிங்ஹாமில் பெண்கள் கையால்தான் செய்தார்கள், பலர் வீட்டில் வைத்தே. மெஷின் லேஸிலும் கை இருக்கிறது என்பதை நினைவில் வை. பின்னால் இந்தப் பேச்சு வரும்.

மூன்றாவது உன் சொந்தத் தையல், சங்கிலி. இன்றைக்கு நைட்டி, பாவாடை, துப்பட்டா ஓரத்தில் வரும் மலிவு லேஸில் பெரும்பகுதி ராஷல் மெஷினில் பின்னியது. அது பின்னலாடை மெஷினின் சொந்தக்காரன், திருப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே புரியும். பின்பக்கம் லென்ஸை வைத்தால் நீளவாக்கில் வரிசை வரிசையாகச் சங்கிலிக் கண்ணிகள் ஓடும். உன் ஆரி ஊசி துணிமேல் போடும் சங்கிலிதான், இங்கே துணியில்லாமல் சங்கிலியே துணியாக நிற்கிறது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவில் வேறு நூல்கள் படுத்துக்கொண்டு பூவைக் காட்டும். முறுக்கும் கிடையாது, நெசவும் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் வகை இது.

இந்த மூன்றுக்கும் அடங்காத வில்லங்கம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பார்மென் ஊரின் பெயரால் அழைக்கப்படும் மெஷின். ஷூ லேஸ் பின்னுகிற மெஷினின் அண்ணன். வட்டமாகச் சுற்றிவரும் பாபின்களை வைத்து, கையால் செய்வதைப் போலவே மாற்றி முறுக்கும். நூல் போகும் வழியும் கிட்டத்தட்ட அதேதான். அங்கே வேறு கேள்வி கேட்க வேண்டும்: மூலை எங்கே? பார்மென் லேஸ் நேராக மட்டுமே வரும். கைக்குட்டை, மேஜை விரிப்பின் மூலையில் அதை மடித்தோ சுருக்கியோ வெட்டியோ தைத்திருப்பார்கள். கையால் செய்தவள் மூலைக்கென்று அட்டையில் தனியாகப் புள்ளி குத்தி, வடிவத்தையே திருப்பியிருப்பாள். அதோடு தொடக்கமும் முடிவும் பார். கை லேஸ் எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தாக வேண்டும். நூல் தீர்ந்த இடத்தில் புது நூல் சேர்த்திருப்பாள். மூலையும் இல்லை, முடிவும் இல்லை, வெட்டிய ஒரு முழத் துண்டு மட்டும் கையில் இருந்தால், "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று சொல். அப்படிச் சொல்லத் தெரிந்தவள் பேச்சைத்தான் நாளைக்கு நம்புவார்கள்.

நூலின் வகையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே. எரித்துப் பார்த்து, உருகிக் குண்டாகத் திரண்டால் செயற்கை இழை, காகிதம்போல எரிந்து சாம்பலானால் பருத்தி, லினன் மாதிரி இழை. அது இழையைச் சொல்லும், கையா மெஷினா என்று சொல்லாது. ஒரு காரியத்துக்கு மட்டும் உதவும். நைலான் சந்தைக்கு வந்ததே 1930களின் கடைசியில்தான். கொள்ளுப்பாட்டி 1900இல் போட்ட லேஸ் என்று ஒருவர் கொண்டுவந்தது உருகினால், கதையில் எங்கோ இடிக்கிறது என்று தெரிந்துகொள். வாடிக்கையாளர் துணியிலிருந்து கேட்காமல் ஒரு நூல்கூட உருவி எரிக்காதே.

விலையை வைத்தும் முடிவு செய்யாதே. குரோஷாவை எடுத்துக்கொள். ஒற்றைக் கொக்கியில் ஒற்றை நூலால் வளர்வது. குரோஷா மெஷின் என்ற பெயரில் ஓடுவதெல்லாம் வேறு பின்னல். உண்மையான குரோஷாவை இன்றும் கைதான் போட வேண்டும். கடைசி நுனியை அவிழ்த்தால் வந்த வழியே முழுக்கப் பிரிந்துவிடும். அப்படிப்பட்ட குரோஷா மேல்சட்டை மாலில் மலிவாகத் தொங்கினால் அதை மெஷின் வேலை என்று எண்ணிவிடாதே. எங்கோ ஒரு கைக்குக் கூலி குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில், நரசாப்பூரைச் சுற்றிய ஊர்ப் பெண்கள் பின்னும் குரோஷா லேஸ் வெளிநாட்டுக்குப் போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள் முழுக்கப் பின்னுகிற பெண்ணை "சும்மா வீட்டில் இருக்கிறவள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறாள்" என்று கணக்கு வைப்பதால்தான் கூலி அடிமட்டத்திலேயே நிற்கிறது என்று அதில் காட்டினார். உன் யூனிட்டுக்கு வீட்டிலிருந்து பீஸ் கணக்கில் மணி கோத்துத் தரும் பெண்கள் இருந்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படி.

நம் தமிழ் மண்ணின் கதைக்கு வருகிறேன். 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்குப் பாபின் லேஸ் சொல்லிக்கொடுத்தார். அப்போது அது திருவிதாங்கூர். அடிமை முறை அங்கே 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. லேஸ் விற்ற காசைச் சேர்த்துச் சில பெண்கள் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் எழுதி வைத்திருக்கின்றன. மார்த்தாவின் மகள் எலிசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். தேரிக்காட்டு ஓரத்து அந்த ஊருக்கு லேஸ் எலிசாவோடு வந்தது. பிறகு 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்து சேர்ந்த மரி லூயிஸ் டி மேஸ்டரின் கன்னியர் மடமும் பெண்களுக்கு லேஸும் தையலும் கற்றுத்தந்தது. ஆகவே மலைப் பங்களாவிலிருந்து வரும் பழைய லேஸெல்லாம் சீமையிலிருந்து வந்தது என்று எண்ணிவிடாதே. கன்னியாகுமரிப் பக்கத்துக் கை ஒன்று செய்ததாகவும் இருக்கலாம்.

இனி நீ அனுப்பிய துண்டு. பாட்டி கையால் போட்டது என்று கொண்டுவந்தவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கறுப்பு அட்டையில் வைத்துப் பார்த்தேன். வலை அறுகோணம், முறுக்கு ஒரே சீர், பூவுக்குப் பின்னாலும் நிற்காமல் ஓடுகிறது. பூவைச் சுற்றி வளைந்து போகவில்லை. ஆக வலை மெஷின். பூ சங்கிலித் தையல். அதைத்தான் நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு சங்கிலியும் வலையின் ஓட்டை வழியாகவே இறங்கி ஏறியிருக்கிறது, வலை நூலைக் குத்தவில்லை. ஓட்டைக்கு ஏற்றபடி கண்ணி கொஞ்சம் நீண்டும் குறுகியும் விழுந்திருக்கிறது. மெஷினாக இருந்தால் தையல் நீளம் ஒரே அளவில் நின்று, வலை நூலை அங்கங்கே குத்திக் கிழித்திருக்கும். இலையின் உள்ளே கண்ணி எண்ணி ஊசியால் இழை ஓட்டியிருக்கிறார்கள், இலைக்கு இலை எண்ணிக்கை கொஞ்சம் மாறுகிறது. ஆகவே பூ கை வேலை.

அயர்லாந்தின் லிமரிக்கில் சார்லஸ் வாக்கர் 1829இல் தொடங்கிய லேஸும் இதே வகைதான்: மெஷின் வலை, கையால் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கான கொக்கி ஊசி வேறெதுவும் இல்லை, உன் ஆரி ஊசியின் உறவு. 18ஆம் நூற்றாண்டில் கீழைநாட்டு வேலையைப் பார்த்து ஐரோப்பியர் அதைக் கற்றுக்கொண்டார்கள். உன் துண்டு லிமரிக்கில் செய்ததா, வேறெங்காவது செய்ததா என்று லென்ஸ் சொல்லாது. எப்படிச் செய்தார்கள் என்று மட்டும்தான் சொல்லும். நீயும் அங்கேயே நின்றுகொள். "பாட்டி போட்டதா?" என்று கேட்டால், "வலை வாங்கியது, பூ கையால் போட்டது, பாட்டி போட்டிருக்கவும் முடியும்" என்று சொல். அவர் சந்தோஷமாகவே போவார், நீயும் பொய் சொல்லவில்லை.

கடைசியாகச் சில யோசனைகள். கோவை டவுனுக்குப் போகும்போதெல்லாம் லேஸ் கடையில் ஒரு சாண் ஒரு சாணாக வெவ்வேறு வகை வாங்கி, கறுப்பு அட்டையில் ஒட்டி, என்ன மெஷின் என்று பின்னால் எழுதி வை. பத்து வகை சேர்ந்தால் அதுதான் உன் பள்ளிக்கூடம். ஊசியால் காற்றில் நான்கு வரிசைக் காஜா எடுத்துப் பழகு. வாய்ப்பு கிடைத்தால் நாகர்கோவில் பக்கமோ, கடல் தாண்டி இலங்கையின் காலி, வெலிகமப் பக்கமோ போய், பீரலு என்று இலங்கையில் சொல்லும் பாபின் லேஸ் போடுகிறவர்கள் அருகில் உட்கார்ந்து பார். ஒரு விரற்கடை பின்னிப் பார்த்தவள் கண்ணும், பின்னாதவள் கண்ணும் ஒன்றில்லை. வாட்ஸாப்பில் வரும் போட்டோவைப் பார்த்து மட்டும் எதையும் சொல்லாதே. பின்பக்கம் போட்டோவில் வராது.

பில் போடும்போது மூன்று வரி எழுது: அடி என்ன, பூ என்ன, நூல் என்ன. "மெஷின் வலை, கைச் சங்கிலி, பருத்தி" என்று எழுதினால் போதும். வெறும் "ஹேண்ட்மேட்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதே, அந்தச் சொல்லுக்குள் யார் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். இதே மூன்று வரியை உன் ஆரி ஜாக்கெட் பில்லிலும் எழுது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் பார்டர் அடித்து நடுவில் மட்டும் கையால் கோத்தாயானால் அதையும் அப்படியே எழுது, அதற்கு ஏற்ற விலை வாங்கு. முழுக்கக் கையால் போட்டதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று நான்காவது வரியாகச் சேர். பேரம் பேசுகிறவர்கள் அந்த வரியோடு பேசட்டும்.

அன்புடன்,
உன் பழைய தையல் டீச்சர்